ஞாயிற்றுக்கிழமைச் சேறு

எங்கள் சான் எலாதியோ ஊரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலை செய்வதில்லை. ஓர்னேரோ குருவிகூடச் செய்வதில்லை. சேற்றை அலகில் அள்ளிக்கொண்டு வந்து, மின்கம்பத்து உச்சியில் மண்ணடுப்பு மாதிரி வீடு கட்டுகிற அந்தக் குருவி, ஆறு நாள் மாடாக உழைத்துவிட்டு ஏழாம் நாள் அலகைத் துடைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிடும் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். வருஷா வருஷம் பள்ளிக்கூடத்துக்குப் போய் அதைச் சொல்லிக்கொடுக்கிறவர் மருந்துக்கடை எவாரிஸ்தோ தொனெல்லி. ஊர்ப் பறவைச் சங்கத்துக்குத் தலைவர் அவர்தான், செயலாளர் அவர்தான், நோட்டுப் புத்தகத்தைப் பூட்டி வைத்திருப்பவரும் அவர்தான். முப்பது வருஷமாக அவர் சொன்னதை ஒருவரும் மறுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை குருவியைப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? அன்றைக்கு ஊரே தலையைக் குனிந்துகொண்டு கறி சுடும் அடுப்பையல்லவா பார்த்துக்கொண்டிருக்கும்!

அதனால்தான், அந்த அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, குடியானவர்கள் சாலையில் நாற்பத்தேழாம் நம்பர் கம்பத்தின் மேல் ஒரு குருவி அலகு நிறையச் சேற்றோடு வந்து இறங்கியதைப் பார்த்ததும் ஒலிந்தா பிரெசான் தன் கண்ணையே நம்பவில்லை.

ஒலிந்தா மின்சாரக் கூட்டுறவில் மீட்டர் எடுக்கிறவள். வயது நாற்பத்தொன்று. மாதம் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் ஊரையும் சுற்றியுள்ள பண்ணைகளையும் ஒரு வலம் வந்துவிடுவாள். மீட்டரைப் பார்க்க அவளுக்கு அரை நிமிஷம் போதும். கம்பத்துக்கு மேலே யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் பத்து நிமிஷம் ஆகும். பறவைச் சங்கத்தில் எட்டுப் பேர் இருந்தும், அவள் அளவுக்கு வெயிலில் அலைகிறவர் ஒருவரும் கிடையாது. ஆனால் சங்கத்தில் அவள் பேச்சுக்குக் காலணா மதிப்பில்லை. காரணம், போன வருஷத்து அவமானம்.

எங்கள் வட்டாரத்துப் பறவைகளின் பட்டியல் நூற்றுத் தொண்ணூற்றொன்பதில் வந்து நின்று மூன்று வருஷம் ஆகிறது. போன வசந்தத்தில் ஒலிந்தா கூட்டத்துக்குள் மூச்சிரைக்க ஓடி வந்து, இருநூறாவதைக் கண்டுவிட்டேன் என்று கத்தினாள். ரயில் பாதையோரத்து முள்மரத்தில் சாக்கு மூட்டை அளவுக்கு ஒரு சுள்ளிக் கூடு, அதற்குள்ளிருந்து பழுப்பு நிறத்தில் ஒன்று வெளியே வந்தது, அது கச்சோலோத்தேதான், சந்தேகமே இல்லை என்றாள். கச்சோலோத்தே என்பது ஓர்னேரோவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. எட்டுப் பேரும் அடித்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். கூடு, சாதாரண விறகுப்பொறுக்கிக் குருவி கட்டிவிட்டுக் காலி செய்த கூடு. உள்ளே இருந்தது, யார் காலி செய்தாலும் அங்கே போய் ஒட்டிக்கொள்கிற பழுப்புத் தோர்தோக் குருவி. கட்டினவர் யார், குடியிருக்கிறவர் யார் என்று பார்க்காமல் கூவிவிட்டாள். அன்றையிலிருந்து அவளுக்குச் சங்கத்தில் ‘குடித்தனக்காரி’ என்று பெயர். ரொட்டிக்கடையில்கூட, “என்ன குடித்தனக்காரி, இன்னிக்கு யார் வீட்டுல யார் இருக்காங்க?” என்று கேட்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள். ஆனால் வீட்டுக்குப் போய்த் தனியாக மாத்தே இலைக் கஷாயம் குடிக்கும்போது அது நெஞ்சில் முள்ளாகக் குத்தும்.

இந்த நாற்பத்தேழாம் கம்பத்துக் கூட்டை அவள் வெள்ளிக்கிழமையே பார்த்துவிட்டாள். பாதிச் சுவர் எழும்பியிருந்தது. நம்முடைய ஓர்னேரோ கட்டும் அடுப்பு கால்பந்தைவிடப் பெரிதாக இருக்கும். இதுவோ ஒரு சின்னப் பரங்கிக்காய் அளவுதான். தூரத்தில் பறந்த குருவியும் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. வடக்கே, வறண்ட முள்காட்டுப் பக்கம், கொண்டை ஓர்னேரோ என்று ஒன்று உண்டு. நம்முடையதைவிடச் சின்னது, தலையில் கூர்க்கொண்டை. எங்கள் வட்டாரத்தில் அதை யாரும் கண்டதாகச் சரித்திரமே இல்லை. அவள் நேரே மருந்துக்கடைக்குப் போனாள்.

“கொண்டையைப் பாத்தியா?” என்று கேட்டார் எவாரிஸ்தோ.

“தூரமா இருந்துச்சு. சரியாத் தெரியலை.”

“புதுசாக் கல்யாணமான ஜோடியா இருக்கும். முதல் வீடு, கை பழகலை, சின்னதாக் கட்டுது. போ போ, எனக்கு இங்க இருமல் மருந்துக்கு ஆள் நிக்குது.”

சனிக்கிழமை காலை இன்னொரு இடி. திங்கட்கிழமை ஏழு மணிக்கு அந்தச் சாலைக் கம்பிகளை மாற்றப் போகிறார்கள், முட்டை வைக்காத கூடுகளை எல்லாம் இறக்கிவிட வேண்டும் என்று கூட்டுறவில் உத்தரவு. கம்பிக்காரர்களின் மேஸ்திரி லாலோ. இருபத்திரண்டு வருஷம் ஏணி ஏறின ஆள், ஒலிந்தாவுக்கு நல்ல சிநேகிதன். அவனிடம் கெஞ்சினாள்.

“இதோ பாரு ஒலிந்தா, எனக்கும் குருவிக்கும் என்ன வாய்க்காத் தகராறா? வட்டாரத்துல இல்லாத பறவைன்னு மருந்துக்கடைத் தொனெல்லி கையெழுத்துப் போட்டு ஒரு காகிதம் கொண்டா. குஞ்சு பறக்குற பிப்ரவரி வரைக்கும் அந்தக் கம்பத்துப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன். காகிதம் இல்லைன்னா, திங்கக்கிழமை ஏழு மணிக்கு ஏணிதான்.”

காகிதம் என்றால் சங்கத்து விதிப்படி இரண்டு உறுப்பினர்கள் பார்த்திருக்க வேண்டும். சனிக்கிழமை முழுக்க மழை கொட்டித் தீர்த்தது. மீதி இருந்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும். அன்றைக்கோ ஓர்னேரோ வேலை செய்யாது, கூட்டுப் பக்கமே வராது என்று அவளும் சின்ன வயதிலிருந்து நம்பிக்கொண்டிருந்தாள். மழையில் கூடு கரைந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினாள்.

போய் நின்றால், சேறு!

குருவி அந்தச் சேற்றைச் சுவரில் வைத்து அலகால் தட்டித் தட்டிப் பூசியது. உடனே அடுத்த குருவி வந்தது. அதன் வாயிலும் சேறு, கூடவே ஒரு வைக்கோல் இழை. ‘ஞாயிற்றுக்கிழமை. வேலை செய்கிறது. அப்படியென்றால் இது நம்ம ஓர்னேரோ இல்லை. நம்ம ஓர்னேரோ இல்லவே இல்லை!’ என்று அவள் வாய்விட்டே சொன்னாள். அப்புறம்தான் பைனாகுலரைக் கண்ணில் வைக்கவே தோன்றியது. அவசரத்தில் முதலில் வானம் தெரிந்தது, பிறகு கம்பி தெரிந்தது, பிறகு குருவியின் தலை தெரிந்தது. தலையில், காற்றுக்கு எதிராக விறைத்துக்கொண்டு, ஒரு கூர்க்கொண்டை.

ஒலிந்தா குதித்தாள். நாற்பத்தொரு வயதில், நடுச்சாலையில், சேற்றில், தனியாக நின்று குதித்தாள். அவள் குதித்ததற்குச் சாட்சி வேலிக்கு அப்பால் நின்ற நான்கு பசுமாடுகள் மட்டுமே. மாடுகள் சங்கத்தில் உறுப்பினர்கள் இல்லை என்பது நினைவுக்கு வந்ததும் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினாள்.

அன்றைக்கு ஊர்த் தீயணைப்புத் தொண்டர்களின் வருஷாந்தர விருந்து. அவர்களுடைய முற்றத்தில் ஆறடி நீளத்துக்குக் கம்பி அடுப்பு, அதன்மேல் விலா விலாவாக மாட்டுக்கறி, ஓரத்தில் சொரிசோத் தொத்திறைச்சி வரிசை. சுற்றிலும் அறுபது பேர் கையில் ஒயின் கிண்ணத்தோடு நின்று, கறி சுடுவது எப்படி என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கறி சுடுகிறவர் எவாரிஸ்தோ. ஏப்ரன் கட்டிக்கொண்டு, முள்கரண்டியும் கையுமாக, முகம் சிவக்க நின்றார். எங்கள் பக்கத்தில் கறி சுடுகிறவன் பெண்டாட்டிக்குப் பிரசவ வலி வந்தாலும் தணலை விட்டு நகர மாட்டான். நகர்ந்தால் அதை மூன்று தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள்.

“எவாரிஸ்தோ! வாங்க! உடனே வாங்க!” என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள் ஒலிந்தா. முழங்கால் வரைக்கும் சேறு.

“அடடே, குடித்தனக்காரி! வா, வா. முதல் சொரிசோ உனக்குத்தான்.”

“சொரிசோ கிடக்கட்டும். நாப்பத்தேழாம் கம்பத்துல குருவி வேலை செய்யுது. சேறு எடுத்துட்டு வருது. ரெண்டும் சேந்து பூசுது!”

“ஞாயித்துக்கிழமையா?”

“ஞாயித்துக்கிழமைதான்! இப்பதான்! என் கண்ணால பாத்தேன்!”

எவாரிஸ்தோ கரண்டியை உயர்த்திக் கூட்டத்தைப் பார்த்தார். “கேட்டீங்களா? ஞாயித்துக்கிழமை வேலை செய்யுற ஓர்னேரோவாம். அப்ப அது ஏழாம் நாள் சபைக் குருவியா இருக்கும். நேத்தே ஓய்வு எடுத்து முடிச்சிருக்கும்!”

அறுபது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சனிக்கிழமையை ஓய்வு நாளாகக் கொண்ட அந்தச் சபையைச் சேர்ந்த தச்சர் ஒருவர் அங்கே இருந்தார், அவரும் சிரித்தார். ஒலிந்தாவுக்கு முகம் காதுவரை எரிந்தது. போன வருஷம் இதே சிரிப்பைக் கேட்டுத்தான் அவள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். இந்தத் தடவை போகவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

“சிரிங்க. நல்லாச் சிரிங்க. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஓர்னேரோ ஞாயித்துக்கிழமை வேலை செய்யாதுன்னு முப்பது வருஷமாப் பிள்ளைங்களுக்குச் சொல்லித் தந்தது யாரு?”

“நான்தான். அதுல என்ன?”

“அங்க ஒண்ணு வேலை செய்யுது. ஒண்ணு, அது நம்ம ஓர்னேரோ இல்லை, வேற பறவை. இல்லைன்னா, முப்பது வருஷமா நீங்க பிள்ளைங்ககிட்டப் புளுகியிருக்கீங்க. ரெண்டுல எது? இங்கயே சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்.”

சிரிப்பு அப்படியே நின்றது. எவாரிஸ்தோ வெந்துகொண்டிருந்த ஒரு விலாவைத் தேவையில்லாமல் திருப்பிப் போட்டார். அறுபது பேரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

“நான்... கறியை விட்டுட்டு எப்படி...”

அவர் மனைவி மிர்த்தா சாலட் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து, அவர் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கினாள். “முப்பத்தஞ்சு வருஷமா உங்க பக்கத்துல நின்னு பாத்துட்டுத்தானே இருக்கேன்? எந்தப் பக்கம் திருப்பணும்னு எனக்குத் தெரியாதா? போய்த் தொலைங்க!”

முற்றத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அது பறவைக்காக இல்லை, கறிக்காக.

மழை குடித்த கரிசல் மண்ணில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதே பெரிய வித்தை. தொண்ணூறு கிலோ மருந்துக்கடைக்காரரைப் பின்னால் உட்கார்த்திவைத்துக்கொண்டு ஓட்டுவது அதைவிடப் பெரிய வித்தை. இரண்டு தடவை வழுக்கினார்கள். மூன்றாவது தடவை விழுந்தே விட்டார்கள். எவாரிஸ்தோ ஏப்ரனோடு சேற்றில் உட்கார்ந்து, ஏப்ரன் பையிலிருந்த சொரிசோ ரொட்டி நசுங்காமல் இருக்கிறதா என்று முதலில் பார்த்தார்.

“இதுவும் தோர்தோவா இருந்துச்சு, ஒலிந்தா, உன்னைச் சங்கத்துலேருந்தே எடுத்துடுவேன்.”

“எடுத்துடுங்க. நானே பேரை அடிச்சுத் தர்றேன். இப்ப எந்திரிங்க, தள்ளுங்க!”

நாற்பத்தேழாம் கம்பத்தடிக்கு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. கூடு இருந்தது. குருவி இல்லை. ஐந்து நிமிஷம் பார்த்தார்கள். பத்து நிமிஷம் பார்த்தார்கள். எவாரிஸ்தோ ரொட்டியைப் பாதி தின்றார். ஒலிந்தா கம்பத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். ‘வந்துடு தாயே, வந்துடு’ என்று மனசுக்குள் கும்பிட்டாள். எங்கே அந்த ஜோடி? அவள் ஊருக்குப் போய் வந்த ஒன்றரை மணி நேரத்தில் பருந்து கொண்டுபோய்விட்டதா?

அப்போது ஒரு குருவி வந்து கம்பத்தில் இறங்கியது.

பெரிய குருவி. செம்பழுப்பு முதுகு, மொழுமொழுவென்ற வழுக்கைத் தலை. கொண்டையும் இல்லை, சேறும் இல்லை. நம்ம ஊர் ஓர்னேரோ. கூட்டின் மேல் ஏறி, சொந்தக்காரன் மாதிரி இரண்டு நடை நடந்து, தலையை உள்ளே விட்டு எட்டிப் பார்த்தது.

எவாரிஸ்தோ கையைத் துடைத்துக்கொண்டார். குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. “ஞாயித்துக்கிழமை, வேலை இல்லை, காலாற நடந்து வீட்டைப் பாத்துட்டுப் போக வந்திருக்கு. வா, போகலாம். கறி தீஞ்சிருக்கும்.”

குடித்தனக்காரி, குடித்தனக்காரி என்று ஒலிந்தாவின் காதுக்குள் ஊரே கூப்பிட்டது. மோட்டார் சைக்கிள் பக்கம் திரும்பக்கூட அவளுக்குக் கால் வரவில்லை.

திரும்பாததுதான் நல்லதாகப் போயிற்று. வேலியோரத்து முள்மரத்திலிருந்து இரண்டு சின்ன உருவங்கள் கீச்சுக் குரலில் அலறிக்கொண்டு பாய்ந்து வந்தன. ஒன்று பெரிய குருவியின் முதுகிலேயே மோதியது. அது தடுமாறிக் குறுக்குச் சட்டத்தில் விழுந்தது. சின்னது அதன் எதிரே போய், கழுத்தை நீட்டி, கொண்டையை விறைத்துக்கொண்டு நின்று கத்தியது. வாயில் வைத்திருந்த சேறு கத்தக் கத்தத் துண்டு துண்டாக விழுந்தது. ஒரே சட்டத்தில் இரண்டும் அரை முழ இடைவெளியில்: ஒன்று பெரிசு, மொட்டைத் தலை, ஒன்று சிறிசு, மார்பில் வெளிறிய ரோஜா நிறம், கழுத்தில் வெள்ளை, தலையில் கொண்டை. இப்படி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்ட எந்தப் புத்தகத்தாலும் முடியாது.

“ஒலி...” என்று ஆரம்பித்த எவாரிஸ்தோ தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

அது சங்கத்து விதி. புதுப் பறவை என்றால் பார்த்தவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. முதுகுக்கு முதுகு காட்டி நின்று, அவரவர் பார்த்ததை அவரவர் தாளில் அங்கேயே எழுத வேண்டும். எழுதின பிறகு ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. பேசினால் ஒருவர் கண் இன்னொருவர் வாய்க்கு அடிமையாகிவிடும் என்று சொல்லி இந்த விதியைப் போட்டவரே எவாரிஸ்தோதான். அவரிடம் தாள் இல்லை. ஒலிந்தா மீட்டர் புத்தகத்திலிருந்து இரண்டு தாள் கிழித்தாள். இரண்டு பேரும் முதுகோடு முதுகு சாய்ந்து நின்று எழுதினார்கள். அவர் முதுகு நடுங்குவது அவளுக்குத் தெரிந்தது. அவள் முதுகு நடுங்குவது அவருக்கும் தெரிந்திருக்கும். தலைக்கு மேலே பெரிய குருவி தோற்று ஓடிவிட, சின்னவை இரண்டும் சேர்ந்து வெற்றிக் கூச்சல் போட்டன. உடனேயே ஒன்று பள்ளத்தில் இறங்கிச் சேறு அள்ளிவந்து, விட்ட இடத்திலிருந்து பூச ஆரம்பித்தது.

தாளை மாற்றிக்கொண்டார்கள். எவாரிஸ்தோவின் தாளில் முதல் வரி: ‘ஞாயிற்றுக்கிழமை வேலை செய்கிறது.’ ஒலிந்தாவின் தாளிலும் முதல் வரி அதேதான். அதற்குக் கீழே இரண்டு தாளிலும் கொண்டை, அளவு, மார்பின் நிறம், சின்னக் கூடு, எல்லாம் அச்சு அசலாக ஒத்துப்போயின.

“இருநூறு!” என்று கத்தினார் எவாரிஸ்தோ. “இருநூறு, ஒலிந்தா! இருநூறு!” அறுபத்திநான்கு வயது மனிதர் அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். மறுபடி இருவரும் சேற்றில் விழுந்தார்கள். இந்தத் தடவை ரொட்டியைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

திரும்பி வரும்போது சாலை எவ்வளவோ நன்றாக இருந்த மாதிரி தோன்றியது. எவாரிஸ்தோ பின்னால் உட்கார்ந்து பாட்டே பாடினார். முப்பத்தெட்டாம் கம்பத்தருகே பாட்டு நின்றது. இருபத்தொன்பதாம் கம்பத்தருகே அவர் ஒலிந்தாவின் தோளைத் தட்டினார். அவளும் அந்தக் கம்பங்களின் உச்சியைப் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். ஊருக்குள் நுழைந்து மாதா கோயில் முன்னால் வந்ததும், அவளே வண்டியை நிறுத்தினாள்.

கோயில் கூரையின் உச்சியில், சிலுவையின் வலது கையில், நம்ம ஊர் ஓர்னேரோ. மொட்டைத் தலை, பெரிய உடம்பு, சந்தேகத்துக்கு இடமே இல்லை. வாய் நிறையச் சேறு. பூசிவிட்டுப் போனது. அதன் ஜோடி வந்தது. அதன் வாயிலும் சேறு. நேற்றைய மழையில் நல்ல சேறு கிடைத்திருக்கிறது, அதை விட்டுவிட அவை என்ன பைத்தியமா?

“ஞாயித்துக்கிழமை...” என்றார் எவாரிஸ்தோ மெல்லிய குரலில்.

“கோயில் சிலுவையிலயே...” என்றாள் ஒலிந்தா.

முப்பது வருஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட இந்த ஊரில் ஒருவரும் தலையை நிமிர்த்திப் பார்த்ததில்லை. அவர் பார்த்ததில்லை, அவளும்தான் பார்த்ததில்லை. அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. வண்டியின் மேல் கவிழ்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எவாரிஸ்தோ சிரிக்கவில்லை. தன் தாளை எடுத்து முதல் வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதைக் கிழிச்சுட்டு வேற எழுதலாமா, ஒலிந்தா? யாருக்குத் தெரியப்போகுது?”

ஒலிந்தா சிரிப்பை நிறுத்தினாள். அந்த வரியைப் படித்துவிட்டு இந்தச் சிலுவையைப் பார்க்கிறவன் யாராக இருந்தாலும் நம்ப மாட்டான் என்பது அவளுக்கும் தெரியும். லாலோ நம்பாவிட்டால் நாளை ஏழு மணிக்குக் கூடு கீழே. இருந்தாலும் போன வருஷம் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லிப் பட்டது போதும்.

“எழுதினதை மாத்தக் கூடாதுன்னு விதி போட்டது யாரு?” என்றாள்.

அவர் தாளைத் தொடைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

முற்றத்தில் கறி ஒரு துண்டுகூட மிச்சமில்லை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு பதமாகச் சுட்டதே கிடையாது என்று அறுபது பேரும் மிர்த்தாவைச் சூழ்ந்துகொண்டு சொன்னார்கள். எவாரிஸ்தோவுக்கு அன்றைக்கு எல்லாத் திசையிலிருந்தும் அடி.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு நாற்பத்தேழாம் கம்பத்தில் ஏணி சாத்தியிருந்தது. லாலோ மாத்தேயைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிட்டு ஒலிந்தாவிடம் தாள்களை வாங்கினான். பக்கத்தில் எவாரிஸ்தோ. மருந்துக்கடையைத் திறக்காமல் வந்திருந்தார், இப்படி அவர் கடையை மூடியதே கிடையாது.

லாலோ முதல் வரியைப் படித்தான். மறுபடி படித்தான்.

“என்ன எழுதியிருக்கீங்க இது? ‘ஞாயிற்றுக்கிழமை வேலை செய்கிறது.’ இதுதான் சாட்சியா?”

“அது வந்து...” என்றார் எவாரிஸ்தோ.

“எல்லா ஓர்னேரோவும் ஞாயித்துக்கிழமை வேலை செய்யும்யா! இருபத்திரண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை ட்யூட்டி பாக்குறேன். கம்பத்து மேல நான் ஒரு பக்கம் முறுக்குறேன், அது ஒரு பக்கம் பூசுது. எங்க ரெண்டு பேருக்குமே லீவு கிடையாது.”

“இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?” என்று கேட்டாள் ஒலிந்தா.

“யாரு கேட்டா? நீங்கள்லாம் கறி தின்னுட்டு இருந்தீங்க.”

எவாரிஸ்தோ தன் செருப்பில் ஒட்டிய சேற்றைக் கம்பத்தில் தேய்த்தார்.

லாலோ தாள்களை மடித்து அவளிடமே கொடுத்தான். “கோவிச்சுக்காதே ஒலிந்தா. இந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் ஆபீஸ்ல காட்டினா என்னைத்தான் பைத்தியம்னுவாங்க.” இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினான்.

“ரெண்டாவது வரியைப் படி, லாலோ! கீழே இருக்கு, கொண்டை, அளவு, எல்லாம் இருக்கு!”

“கண்ணாடி வண்டியில கிடக்கு. பெரிய எழுத்துல இருந்த முதல் வரியைத்தான் படிக்க முடிஞ்சுது.”

ஆறு படி, எட்டுப் படி, பத்துப் படி. ஒலிந்தா ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டாள். பிடித்து ஆட்டிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. லாலோ கையை நீட்டிக் கூட்டின் ஈரச் சுவரைத் தொடப் போனான்.

சின்னக் குருவி எங்கிருந்தோ வந்து அவன் மூக்குக்கு ஒரு முழத் தூரத்தில், குறுக்குச் சட்டத்தில் இறங்கியது. வாய் நிறையச் சேறு. ஓடவில்லை. அவனை ஏற இறங்கப் பார்த்தது. கொண்டையை விறைத்துக்கொண்டு, சேற்றைச் சட்டத்தில் துப்பிவிட்டு, அவன் முகத்துக்கு நேரே ஒரு கத்து கத்தியது. லாலோவின் கை அந்தரத்திலேயே நின்றது. இரண்டாவதும் வந்து சேர்ந்துகொண்டு கத்தியது.

“ஒலிந்தா,” என்றான் லாலோ, கண்ணை எடுக்காமல். “இதுக்குத் தலையில என்னது?”

“அதான் ரெண்டாவது வரி.”

“இருபத்திரண்டு வருஷத்துல இப்படி ஒண்ணு என்னைத் திட்டினதே இல்லையே!”

ஒவ்வொரு படியாக, சத்தம் போடாமல் இறங்கி வந்தான். ஏணியை எடுத்து வண்டியில் போட்டான். வண்டிக்குள் குடைந்து, ‘ஆபத்து, தொடாதே’ என்று மின்னல் படம் போட்ட தகரப் பலகை ஒன்றை எடுத்துவந்து கம்பத்தில் நெஞ்சளவு உயரத்தில் கம்பியால் கட்டினான். எவாரிஸ்தோ கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இருநூறாவது பறவை பிழைத்த சந்தோஷமா, முப்பது வருஷத்துப் பாடம் போன துக்கமா, அவருக்கே தெரிந்திருக்காது.

லாலோ முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தான். பழக்க தோஷத்தில் வாயில் அந்தப் பெயர் வந்துவிட்டது.

“சரி, சொல்லு குடித்தனக்காரி. இது யாரு வீடு?”

ஒலிந்தா மேலே பார்த்தாள். குருவி சட்டத்தில் துப்பிய சேற்றைத் திரும்ப அள்ளி, சுவரில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தது.

“கட்டுறவங்களோடதுதான்,” என்றாள்.